அறுபத்திரண்டு ரோல், நாற்பது ஆர்டர்: வரிசைப்படுத்தலில் நான் செய்த பிழை

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனிக்கு, கிடங்கில் தேங்கிக் கிடந்த துணி ரோல்களைக் கையில் இருக்கும் சிறு ஆர்டர்களோடு இணை சேர்த்துத் தரும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். அந்த வேலையில் ஐந்து வாரங்களும் எனக்கு வரவேண்டியிருந்த 25,000 ரூபாயும் போயின. நிரல் ஒருமுறை கூட நின்றுபோகவில்லை, ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. ஓடியது, விடை தந்தது, அந்த விடையை நம்பி ஒரு கம்பெனி துணி வாங்கியது. விடை தவறானது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தனியாக வேலை செய்பவன் என்பதால், எழுதியதைக் காட்டிக் கருத்துக் கேட்க எனக்கு அருகில் யாரும் இல்லை. வரிசைப்படுத்தி இணை சேர்க்கும் இந்த வகைக் கணக்கில் எங்கே கால் இடறும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்ததால் இதை எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். பின்னலாடைத் துணியை ஜிஎஸ்எம் என்ற அளவால் குறிப்பிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அது. நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத்தை அதற்கென உள்ள வெட்டியால் வெட்டி எடைபோட்டு நூறால் பெருக்கினால் அந்த அளவு கிடைத்துவிடும். 1.62 கிராம் இருந்தால் அது 162 ஜிஎஸ்எம் துணி. ஏற்றுமதி ஆர்டர்கள் முடிந்த பிறகு மிஞ்சிய வெள்ளை சிங்கிள் ஜெர்சி ரோல்கள் 62 அந்தக் கிடங்கில் இருந்தன. ஒவ்வொரு ரோலுக்கும் அளந்து எழுதிய ஜிஎஸ்எம் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மறுபுறம், ஒரு ரோலிலேயே முடிந்துவிடக்கூடிய 40 சிறு ஆர்டர்கள் இருந்தன. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஏற்றுக்கொள்ளக்கூடிய குறைந்தபட்ச ஜிஎஸ்எம் ஒன்றும் அதிகபட்ச ஜிஎஸ்எம் ஒன்றும் உண்டு. ஒரு ரோலை ஓர் ஆர்டருக்கு மட்டுமே கொடுக்க முடியும். இருக்கும் ரோல்களைக் கொண்டு அதிகபட்சம் எத்தனை ஆர்டர்களை முடிக்கலாம், எந்த ரோலை எதற்குப் போடுவது என்பதே கேள்வி. தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது 45,000 ரூபாய்க்குப் பேசி, 20,000 ரூபாயை முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன்.

எல்லா வழிகளையும் முயன்று பார்ப்பது இயலாது என்பது தெரிந்ததே. 12 ஆர்டர்களுக்கு 12 ரோல்களை ஒதுக்கும் வழிகளே 47,90,01,600 இருக்கும்போது, நாற்பதுக்கும் அறுபத்திரண்டுக்கும் அந்தப் பேச்சே இல்லை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, நிரல் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் பெரும்பாலும் போட்டுப் பார்க்கும் சிஎஸ்இஎஸ் தொகுப்பில் உள்ள குடியிருப்புக் கணக்கு. அதில் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தனக்கு வேண்டிய வீட்டின் அளவைச் சொல்வார். கே என்ற அளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்வார். இரு பட்டியல்களையும் ஏறுவரிசையில் அடுக்கி, இரண்டிலும் ஒவ்வொரு விரலை வைத்து, பொருந்தினால் இரு விரல்களையும், பொருந்தாவிட்டால் சிறியதாக இருக்கும் பக்கத்து விரலை மட்டும் நகர்த்திக்கொண்டே போனால் விடை வந்துவிடும். பேராசை வழிமுறை, அதாவது கிரீடி என்று சொல்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு: அந்தந்த நொடியில் நல்லதாகத் தெரிவதை எடுத்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பது. எங்கள் கணக்கும் அதே முகத்தோடு இருந்ததால், ஆர்டர்களைக் குறைந்தபட்ச ஜிஎஸ்எம் அடிப்படையில் வரிசைப்படுத்தி, ரோல்களையும் வரிசைப்படுத்தி, பைத்தானில் இருபத்தைந்து வரிகளில் ஒரே மாலையில் எழுதி முடித்தேன். மீதி மூன்று வாரங்களும் திரை வடிவமைப்புக்கும், ரோல் சீட்டு அச்சிடுவதற்கும், எக்செல் கோப்பு இறக்குமதிக்கும் போயின. எது கடினமோ அதற்கு ஒரு மாலை, எது எளிதோ அதற்கு மூன்று வாரம். இந்த விகிதமே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

சோதனைகள் அனைத்தும் சரியாக வந்தன. சோதனைக்காக முதலாளி கொடுத்தது முந்தைய ஆண்டின் ஏற்றுமதி ஆர்டர் பட்டியல். அதில் ஒவ்வொரு ஆர்டரிலும் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பதே நிபந்தனை. 160 கேட்டவர் 152 முதல் 168 வரை ஏற்பார், 180 கேட்டவர் 171 முதல் 189 வரை ஏற்பார். இந்தப் பட்டியலில் மறைந்திருந்த ஒரு பண்பை நான் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்றால், எந்த ஆர்டரின் எல்லையும் இன்னொன்றின் எல்லைக்குள் முழுவதுமாக அடங்காது. கீழ் எல்லைப்படி அடுக்கினாலும் மேல் எல்லைப்படி அடுக்கினாலும் ஒரே வரிசைதான் வரும். குடியிருப்புக் கணக்கிலும் கே எல்லாருக்கும் பொது என்பதால்தான் அங்கே அந்த வழி செல்லுபடியாகிறது. நான் கடன் வாங்கிய விடை, நான் படித்துப் பார்க்காத ஒரு நிபந்தனையின் மேல் நின்றுகொண்டிருந்தது. தெரிந்த கணக்கு ஒன்றின் விடையை எடுத்தாள்பவர்கள், அந்தக் கணக்கில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது எது, தங்கள் கணக்கில் அதுவும் பொதுவாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உண்மையான நாற்பது ஆர்டர்களில் ஏற்றுமதிக்காரர்களின் மாதிரிப் பீஸ்களோடு, கல்லூரி விழா டி-சர்ட்டுகளும் கடைத் திறப்பு விழாவுக்குக் கொடுக்கும் டி-சர்ட்டுகளும் கலந்திருந்தன. இவர்கள் 150 முதல் 200 வரை எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவர்கள். நிரல் 31 ஆர்டர்களுக்கு ரோல் ஒதுக்கி, ஒன்பதுக்குத் துணி இல்லை என்று சொன்னது. அந்தத் தாளை நம்பி முதலாளி நான்கு ஆர்டர்களைத் திருப்பிவிட்டார்; விட மனமில்லாத ஐந்துக்கு 110 கிலோ அளவுக்குப் புதுத் துணி வாங்கினார். அதற்கு 46,000 ரூபாய்க்கு மேல் செலவானது.

நான்காம் நாள், கட்டிங் மாஸ்டர் அந்தத் தாளோடும் காதில் செருகிய பென்சிலோடும் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, இந்த 160 ரோல எதுக்கு காலேஜ்காரங்களுக்குப் போட்டீங்க? அவங்க 190 குடுத்தாலும் வாங்கிக்குவாங்களே" என்றார். தாளின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே 34 ஆர்டர்களுக்கு ரோல் ஒதுக்கி எழுதியிருந்தார். வெட்கம் என்றால் என்ன என்பதை அன்று முழுமையாக அறிந்தேன். நிரல் எழுதுவதைப் பத்தாண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருபவன் நான். இருந்தும் அவர் எழுதியதைப் பார்த்தவுடன் முதலில் எனக்குள் எழுந்தது, அவர் கணக்கில்தான் ஏதாவது தவறு இருக்க வேண்டும் என்ற எண்ணமே. அரை மணி நேரம் அந்தத் தவறைத் தேடினேன். இல்லை.

அவர் சுட்டிக்காட்டியதைச் சுருக்கினால் இரண்டு ஆர்டர், இரண்டு ரோலில் அடங்கிவிடும். முதல் ஆர்டர் 150 முதல் 200 வரை ஏற்கும். இரண்டாவது 155 முதல் 162 வரை மட்டும். ரோல்கள் 160, 190. கீழ் எல்லைப்படி அடுக்கினால் 150 முன்னே நிற்கும், அது தனக்குப் பொருந்தும் முதல் ரோலான 160ஐ எடுத்துக்கொள்ளும், 190 மிஞ்சும், இரண்டாமவருக்கு அது உதவாது. எதைக் கொடுத்தாலும் உண்பவரை முதல் பந்தியில் உட்கார வைத்து, பத்தியக்காரருக்கான சோற்றை அவருக்குப் பரிமாறிய கதை. தாளில் எழுதினால் ஒரு நிமிடத்தில் தெரியும் இதை நான் எழுதிப் பார்க்கவே இல்லை.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தேன். பதற்றத்தில் செய்த திருத்தம் என்பதால் அதுவும் தவறாகவே அமைந்தது. பத்தியக்காரருக்கு முதலிடம் என்பதுதானே பாடம் என்று எண்ணி, யாருடைய எல்லை மிகக் குறுகியதோ அவரை முதலில் நிறுத்தினேன். விடை 35 ஆனது. கட்டிங் மாஸ்டரின் 34ஐத் தாண்டிவிட்டதால் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக உறங்கினேன். ஒரு விடை முன்பைவிட நன்றாக இருப்பதற்கும் அதுவே மிகச் சிறந்ததாக இருப்பதற்கும் உள்ள இடைவெளி அந்த நிம்மதிக்குள் மறைந்துபோனது. இதற்கும் சிறிய எதிர் எடுத்துக்காட்டு உண்டு: 170 முதல் 180 வரை ஏற்கும் ஓர் ஆர்டர், 160 முதல் 172 வரை ஏற்கும் இன்னோர் ஆர்டர், 171, 178 என்ற இரு ரோல்கள். முதலாவதன் அகலம் 10, இரண்டாவதன் அகலம் 12. குறுகியவர் முதலில் வந்து 171ஐ எடுத்துக்கொண்டால், மற்றவருக்கு 178 பொருந்தாது. அவர் 178ஐ எடுத்திருந்தால் இருவருக்கும் கிடைத்திருக்கும்.

முதலில் நிற்க வேண்டியவர், யாருடைய மேல் எல்லை மிகக் குறைவோ அவர். அவருக்குப் பொருந்தும் ரோல்களில் மிகச் சிறியதைக் கொடுக்க வேண்டும். இதை இந்த முறை நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் நிறுவிப் பார்த்த பிறகே விசைப்பலகையைத் தொட்டேன். மேல் எல்லை மிகக் குறைந்த ஆர்டரை அ என்றும், அதற்குப் பொருந்தும் மிகச் சிறிய ரோலை ர என்றும் கொள்வோம். மிகச் சிறந்த ஒதுக்கீடு ஒன்றில் அ-வுக்கு ர-வுக்குப் பதிலாக ச என்ற பெரிய ரோல் தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ர யாரிடமும் இல்லை என்றால் அ-வுக்கு அதையே மாற்றிக் கொடுத்துவிடலாம், எண்ணிக்கை குறையாது. ர வேறோர் ஆர்டரிடம் இருக்கிறது என்றால், அந்த ஆர்டரின் மேல் எல்லை அ-வின் மேல் எல்லைக்குக் குறையாதது, ஆகவே ச-வை அதுவும் தாங்கும். அதன் கீழ் எல்லை ர-வையே தாண்டாதபோது அதைவிடப் பெரிய ச-வையும் தாண்டாது. எனவே இருவரும் ரோல்களை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒதுக்கீட்டில் அ-வுக்கு எதுவுமே தரப்படவில்லை என்றால், ர-வை அதை வைத்திருப்பவரிடமிருந்து வாங்கி அ-வுக்குக் கொடுத்தாலும் மொத்த எண்ணிக்கை அப்படியே இருக்கும். இந்த மாற்றிக்கொள்ளும் வாதம் நிற்கிறதா என்பதே கிரீடி வழிமுறைக்கான உரைகல். என் முந்தைய இரண்டு வரிசைகளுக்கும் இதே வாதத்தை எழுத முயன்றிருந்தால், 'ச-வையும் அவர் தாங்குவார்' என்ற வரியில் பேனா நின்றிருக்கும்.

இவ்வளவு தெளிவு வந்த பிறகும் ஒரு பிழை மிஞ்சியது. வரிசைப்படுத்தும் அடிப்படையை மட்டும் மாற்றிவிட்டு, ரோல் பட்டியலில் முன்னோக்கி மட்டும் நகரும் அந்தப் பழைய விரலை அப்படியே விட்டுவிட்டேன். 155–162 ஆர்டர் முதலில் வரும்போது, 152 ரோல் அதற்குச் சிறியது என்று விரல் தாண்டிப் போய்விடுகிறது. பின்னால் வரும் 150–200 ஆர்டருக்கு அந்த 152 அழகாகப் பொருந்தும் என்றாலும் விரல் திரும்பி வராது. கீழ் எல்லைப்படி அடுக்கியபோது அந்தத் தாண்டல் ஆபத்தற்றது, மேல் எல்லைப்படி அடுக்கும்போது அப்படியல்ல. ஒவ்வொரு ஆர்டருக்கும் மிஞ்சியுள்ள எல்லா ரோல்களிலும் இரும வழியில், அதாவது வரிசையை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துத் தேடி, எடுத்ததைப் பட்டியலிலிருந்து நீக்குவதுதான் முறை. ஆர்டர்கள் பல ஆயிரமாக இருந்தால் இதை வேறு விதமாகவும் செய்யலாம்: ரோல்களைச் சிறியதிலிருந்து எடுத்துக்கொண்டே போய், கீழ் எல்லை அந்த ரோலைத் தாண்டாத ஆர்டர்களை, மேல் எல்லை குறைந்தவரையே எப்போதும் முன்னே நிறுத்தும் முன்னுரிமை வரிசையில் சேர்த்து, மேல் எல்லையை ரோல் தாண்டிவிட்டவற்றைக் கழித்துவிட்டு, மேல் எல்லை குறைந்தவருக்கு அந்த ரோலைக் கொடுப்பது. பிறகு தேடிப் படித்தபோது, ஃபிரெட் குளோவர் 1967ஆம் ஆண்டிலேயே இந்த வகை இணைசேர்ப்பை ஆராய்ந்து இவ்வழியை எழுதியிருப்பதை அறிந்தேன். யூஸாக்கோ என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் நிரல் போட்டியின் 2017 பிப்ரவரி மாத வெள்ளிப் பிரிவில், சாலையைக் கடக்க உதவும் கோழிகளையும் நேர எல்லை வைத்திருக்கும் பசுக்களையும் இணைக்கச் சொல்லும் கணக்கும் இதேதான். கோழிக்கு ரோலையும் பசுவுக்கு ஆர்டரையும் போட்டால் என் கணக்கு. பள்ளி மாணவர்கள் போட்டு முடித்த கணக்கில் நான் காசை இழந்திருக்கிறேன்.

விரல் பிழையைக் கண்டுபிடித்தது நானல்ல, அப்போது எழுதிய ஒரு சிறிய மோதல் சோதனை. 5 ஆர்டர், 5 ரோல் என்ற அளவில், யாருக்கும் கொடுக்காமல் விடுவதையும் சேர்த்து மொத்தம் 1,546 ஒதுக்கீடுகள்தான் உண்டு; கணினி அவற்றை நொடிப்பொழுதில் முயன்று பார்த்துவிடும். தற்செயலாக எண்களை உருவாக்கி, எல்லாவற்றையும் முயன்று பார்க்கும் இந்த முரட்டு வழியின் விடையையும் கிரீடி விடையையும் பத்தாயிரம் முறை ஒப்பிட்டு, வேறுபட்டவுடன் நிற்கச் சொன்னேன். இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதலில் எண்களை 100 முதல் 300 வரை உருவாக்கியபோது, மோதல்களே அரிதாக இருந்தன. 1 முதல் 10 வரை என்று சுருக்கியதும், எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் எதிர் எடுத்துக்காட்டு வந்து விழுந்தது. அதுவும் கையால் வரைந்து பார்க்கக்கூடிய அளவில். முதல் நாளே இந்த நாற்பது வரிகளை எழுதியிருந்தால் மற்ற எல்லாமே மிச்சமாகியிருக்கும். திருத்தி முடித்த நிரல் 36 என்றது. மோதல் சோதனையும் அமைதியானது. கிடங்கில் தசமத்தோடு எழுதிய 168.4 போன்ற அளவுகளை நான் முழு எண்ணாக்கி இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. 168 வரை மட்டும் ஏற்பவருக்கு அந்த ரோலைக் கொடுத்திருந்தால், பையர் தரப்பு ஆய்வில் அது திரும்பியிருக்கும்.

மீதிப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலாளியும் கடிந்து பேசவில்லை. ஆனால் இன்னும் இரண்டு வேலைகளைச் சேர்த்து முடித்துத் தரச் சொன்னார். முதலாவது, எண்ணிக்கையைவிட லாபத்துக்கு முன்னுரிமை. லாபம் ஆர்டரை மட்டும் பொறுத்தது, எந்த ரோல் போட்டாலும் மாறாது என்றால், லாபம் கூடிய ஆர்டரிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே ஏற்றவர்களின் ரோல்களை இடம் மாற்றியாவது இவருக்கும் இடம் கொடுக்க முடிகிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டே போகலாம். முடியாவிட்டால் மட்டும் விட்டுவிட வேண்டும். ரோலை உடனே கையில் கொடுத்து முடித்துவிடுவதில்தான் தவறு வரும். லாபம் ரோலுக்கு ரோல் மாறுமானால் கிரீடியை மறந்துவிட்டு, மொத்த லாபம் மிகக் கூடிய ஒதுக்கீட்டைக் கண்டுபிடிக்க 1955இல் ஹரோல்டு கூன் வெளியிட்ட ஹங்கேரிய முறைக்குப் போய்விடுவதே நல்லது.

இரண்டாவது வேலை, ஜிஎஸ்எம்மோடு ரோலின் டயாவையும், அதாவது துணிக் குழாயின் அகலத்தையும் பார்க்க வேண்டும் என்பது. கேட்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லை ஒன்றிலிருந்து இரண்டாகும் அந்த இடத்திலேயே மேலே சொன்ன நிறுவல் உடைந்துவிடுகிறது. ர-வும் ச-வும் ஜிஎஸ்எம்மில் இடம் மாறலாம், ஆனால் ச-வின் டயா அந்த மற்ற ஆர்டருக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஜாதகத்தில் ஒரு பொருத்தம் மட்டும் பார்ப்பவர்களுக்கும் பத்துப் பொருத்தமும் பார்ப்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது; எந்த வரிசையில் அடுக்கினாலும் இன்னொரு பக்கம் இடிக்கும். அங்கே பொதுவான இருதரப்பு இணைசேர்ப்பு முறை ஒன்றே வழி. புதிதாக வருபவருக்கு ரோல் இல்லையென்றால், ரோல் வைத்திருப்பவரிடம் வேறொன்றுக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, அந்தச் சங்கிலியின் முடிவில் ஒரு சும்மா கிடக்கும் ரோல் கிடைத்தால் எல்லாரும் ஒருபடி நகர்வது. ஹாப்கிராஃப்டும் கார்ப்பும் 1973இல் வெளியிட்டது இதன் விரைவான வடிவம். எனக்கு அந்த விரைவுகூடத் தேவைப்படவில்லை.

ஏனெனில் 40 ஆர்டர், 62 ரோல் என்றால், ஆகக்கூடி 2,480 பொருத்தங்கள். நாற்பது முறை சங்கிலி தேடினாலும் 99,200 படிகளுக்கு மேல் போகாது. அந்தக் கிடங்கின் மேசையில் இருந்த பழைய கணினியில், விசையை அழுத்திக் கையை எடுப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. எல்லைகள் அடங்கினாலும் அடங்காவிட்டாலும், டயா சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அதே முப்பது வரிகள் சரியான எண்ணைத் தருகின்றன. கிரீடியைத் தேர்ந்தெடுத்ததற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் வேகம். அந்த வேகத்தை அந்தக் கம்பெனியில் யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. வரிசைப்படுத்தும் பகுதியை நீக்கிவிட்டு இதை நிறுவிய அன்று, கட்டிங் மாஸ்டர் அச்சிட்ட தாளைப் பின்பக்கம் திருப்பி, பென்சிலால் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்தார். அவருக்கு 35 வந்தது. "ஒண்ணு எங்கியோ உட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.